ஓரத்தை வெட்டியவன் எழுதுவது

எங்கள் கடைக்குச் சாவு எப்போதும் போட்டோவாகத்தான் வரும். வீட்டில் அழுகை அடங்குவதற்குள் யாராவது ஒருவர் செல்போனில் ஒரு படத்தை அனுப்பி, "பன்னெண்டுக்குப் பதினெட்டு போட்டுடுங்க, சாயந்தரத்துக்குள்ள வேணும்" என்பார். கல்யாண போட்டோவில் பக்கத்தில் நின்றவரை நீக்கி, தோளில் விழுந்திருக்கும் அடுத்தவர் கையையும் நீக்கி, கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி போட்டு, சந்தன மாலை மாட்டிக் கொடுப்பது முப்பது வருடமாக என் பிழைப்பு. காரைக்காலில் யார் போனாலும் சம்பந்திக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும் என்பாள் என் மனைவி. அதைப் பெருமையாகச் சொல்கிறாளா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

சைகோன் பாயின் சாவு மட்டும் போட்டோ இல்லாமல் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். கடையில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தேன். தொழுகை நேரம் இல்லாத நேரத்தில் பள்ளிவாசல் மைக்கில் அவருடைய சொந்தப் பெயர் கேட்டது. ஜெகபர் மரைக்காயர் மவுத்தாகிவிட்டார்கள், சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். கண்ணாடியில் கோடு நேராகத்தான் போயிருந்தது, கைப்பழக்கம். அதை உடைக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு உடைத்தேன். சரியாகத்தான் உடைந்தது.

அவருக்கு நினைவு மலர் போடுகிறோம், தெரிந்தவர்கள் ஆளுக்கு நாலு பக்கம் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். கல்லூரிக்காரர்கள் எழுதுவார்கள், வக்கீல்கள் எழுதுவார்கள், நான் எதற்கு என்றேன். "நீங்கதான் அவரை அதிகம் பார்த்தவர்" என்றார்கள். பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் முடித்தவன் நான். நான் சொல்லச் சொல்ல என் மகள் தமிழரசி தட்டச்சு செய்கிறாள். பிழை இருந்தால் என்னுடையது, இல்லாவிட்டால் அவளுடையது.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு அவர் பிரெஞ்சுப் பத்திரம் மொழிபெயர்த்துக் கொடுத்த பெரியவராகத்தான் தெரிந்திருப்பார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை நம் ஊரில் சொல்தா என்போம். அந்தச் சொல்தா வீடுகளில் பிறப்புச் சான்று, திருமணச் சான்று என்று எது சிக்கினாலும் அவரிடம்தான் போவார்கள். சைகோன் பாய் என்று பெயரே தவிர, சைகோனை அவர் பார்த்ததில்லை. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் அவருடைய தாத்தா அங்கே துணிக்கடை வைத்திருந்தார். "தாத்தா கப்பல் ஏறினாரு, பேரு எனக்கு ஒட்டிக்கிச்சு" என்பார். அவர் ஒரு பத்திரத்தை வாங்கினால் நடுவில் எழுதியிருப்பதை முதலில் படிக்க மாட்டார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பக்கத்தின் ஓரத்துக்குப் போவார். "பிரெஞ்சுக்காரன் பதிவேட்டுல பிறப்பை நடுவுல எழுதுவான், வாழ்க்கையை ஓரத்துல எழுதுவான். யாரைக் கட்டினான், எப்பப் பிரிஞ்சான், பேரை எப்ப மாத்தினான், எல்லாம் ஓரத்துலதான் இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். உங்களிடமும் சொல்லியிருப்பார். என்னிடம் சொன்னது மட்டும் ஒரு வாரம் தாமதமாகச் சொன்னது.

ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் அவர் முதல் தடவையாக என் கடைக்கு வந்திருந்தார். சனிப்பெயர்ச்சிக்குப் பத்து நாள் இருந்தது. திருநள்ளாற்றுக் கடைகளுக்காகச் சனீஸ்வரன் படம் நூற்றுக்கணக்கில் ஃபிரேம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் போகும் அவசரத்தில், சுருட்டிய துணி ஒன்றை மேசைமேல் வைத்தார். "ஃபிரேம் போட்டு வைங்க தம்பி, வந்து பேசுறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். துணிக்குள் கனத்த பழைய காகிதம். காகிதம் முழுக்கக் கறுப்பு. கறுப்புக்குள் ஒரு பெரிய முகம், லேசாகச் சாய்ந்து, கண் மூடி. தலை உச்சியில் ஒரு சின்னத் தீக்கொழுந்து. கழுத்துக்குக் கீழே உடம்பு கிடையாது. தண்ணீர் இல்லாத இடத்தில் ஒரு தாமரை மொட்டு மிதந்தது.

கறுப்பு வெள்ளைப் படம், கண் மூடிய முகம். எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பாய் வீட்டில் படத்துக்கு மாலை போடும் வழக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும். யாரோ சிநேகிதர் வீட்டுக்காக வாங்கி வந்திருக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். முகம் ஓர் ஆண்பிள்ளை முகம், கொஞ்சம் வெளியூர்க் களை. தலையில் இருந்த தீயைப் பிரிண்டு கோளாறு என்று நினைத்தேன். பெரியவர் ஆயிற்றே என்று நல்ல பீடிங், அதாவது ஃபிரேம் கட்டை எடுத்து, பின்பக்கம் ஹார்ட்போர்டு அடித்து, அதன்மேல் பிரவுன் ஷீட்டைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டினேன். நான் அபூர்வமாகச் செய்யும் வேலை அது. கீழே தோற்றம், மறைவு என்ற சீட்டை ஒட்டித் தேதிக்கு இடம் விட்டேன். சந்தன மாலையும் போட்டேன்.

தொழுகை முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தேதி மட்டும் போடணுங்க பாய். இவரு எப்பத் தவறினாரு?" என்றேன், குரலை இறக்கி.

அவர் படத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியதைப் பார்த்து அழுகிறார் என்று நினைத்து நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"இவரு தவறி ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்குக் கிட்ட இருக்கும் தம்பி. சீட்டுல இடம் பத்துமா?"

அப்போதுதான் அது புத்தர் என்று எனக்குத் தெரிந்தது. நான் பார்த்த புத்தர் எல்லாம் கார் டேஷ்போர்டில் சிரிப்பவரும், ஜெராக்ஸ் கடை காலண்டரில் பொன்னிறமாக இருப்பவரும்தான். இப்படி இருட்டில் தலை மட்டும் வைத்துக்கொண்டு இருப்பார் என்று யார் கண்டது?

சிரித்து முடித்ததும் அவர் குனிந்து ஃபிரேமின் கீழ் விளிம்பைத் தடவினார். "ஓரம் எங்க?" என்றார்.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். சாமி படம் அச்சாகி வரும்போது நாலு பக்கமும் வெள்ளை விட்டிருக்கும். அந்த வெள்ளையை வெட்டாமல் ஃபிரேம் போட்டால் எங்கள் ஊரில் வாங்க மாட்டார்கள். காலண்டரைக் கிழித்து மாட்டியது போல இருக்கிறது என்பார்கள். அதனால் எந்தப் படம் வந்தாலும் முதல் வேலை வெள்ளையை வெட்டுவது. வெட்டிய துண்டையும் வீணாக்குவதில்லை. படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் இடுக்கு இருந்தால் மடித்துச் செருகிவிடுவோம். அன்று காலையில் மட்டும் அறுபது சனீஸ்வரன்களுக்கு ஓரம் வெட்டியிருந்தேன். அறுபத்தோராவதாக இவருக்கும் வெட்டினேன்.

"அதுல பென்சில்ல ஒரு வரி இருந்துச்சே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பத்திரம் படிக்கும் குரலில் சொன்னார். மங்கிப்போன ஒரே ஒரு வரி. பெரிய கண்ணாடி வைத்தும் அவரால் படிக்க முடிந்ததில்லை. கண்ணில் புரை. ஆபரேஷன் செய்துகொண்டதும் முதலில் வாசிக்கப் போவது அந்த வரியைத்தான் என்று முடிவு செய்திருந்தாராம். வேறு ஆளிடம் காட்டிப் படிக்கச் சொல்ல மனசு இல்லை. ஊருக்கெல்லாம் ஓரம் படித்துச் சொன்னவர் அல்லவா. வரைந்தவன் பெயர், எந்தச் சிலையைப் பார்த்து வரைந்தான் என்பதெல்லாம் அதில் இருக்கும் என்பது அவர் தாத்தா காலத்திலிருந்து வீட்டில் சொல்லிவந்த பேச்சு.

"பத்திரமா எடுத்து வச்சிருக்கேங்க" என்றேன்.

பொய். அந்த நேரத்தில் அது எந்தச் சனீஸ்வரன் முதுகில் இருந்தது என்று எனக்கே தெரியாது. ஆனால் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போய்விடும். இதைத் தட்டச்சு செய்யும்போது தமிழரசி ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

படத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. "தொழுவுற வீட்டுல உருவப்படம் மாட்டுற பழக்கம் இல்ல. தாத்தாவும் மாட்டல, பெட்டியில துணிக்கு நடுவுலதான் வச்சிருந்தாரு. சைகோன்ல ஒரு பிரெஞ்சு ஆபீசர் ஊரைக் காலி பண்ணப்ப சாமான்களோட தாத்தா கைக்கு வந்தது. உங்க கடையில மாட்டுங்க, நான் வந்து பார்த்துக்கிறேன்" என்றார். அப்படித்தான் அந்தப் படம் என் கடைச் சுவரில் சனீஸ்வரனுக்கும் வேளாங்கண்ணி மாதாவுக்கும் நடுவில் வந்தது. மாலையையும் சீட்டையும் மட்டும் எடுத்தேன். வியாழக்கிழமை தோறும் பாய் வந்து எதிரே ஸ்டூலில் உட்காருவார். கடைக்கு வருகிறவர்கள் அவரை வாடிக்கையாளர் என்று நினைத்தார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் சொல்லித்தான் அந்தப் படம் பாரீஸில் அச்சான கல்லச்சு என்று தெரிந்தது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புக் கலந்த கறுப்புக் கட்டியால் வரைவார்களாம். பிறகு கல்லை நனைத்து மை உருட்டுவார்கள். கொழுப்பு பட்ட இடத்தில் மை ஒட்டும், ஈரம் இருக்கிற இடத்தில் ஒட்டாது. "மீன் குழம்புல எண்ணெய் தனியா மிதக்குதே, அதே கணக்குத்தான்" என்றார். வெளிச்சம் வேண்டிய இடத்தை ஊசியால் சுரண்டி எடுப்பார்களாம். "நீங்க வெள்ளைத் தாள்ல கறுப்பை வைக்கிறான்னு பார்க்குறீங்க. அவன் கறுப்பை நிரப்பிட்டு வெளிச்சத்தைத் தோண்டி எடுத்திருக்கான்." நம் சாமி படங்களும் ஒரு காலத்தில் கல்லச்சில்தான் வந்தன என்றும் சொன்னார். "உங்க சனீஸ்வரனும் இவரும் ஒரே கல்லுல பொறந்தவங்க. பக்கத்துல மாட்டினதுல தப்பில்ல."

பாரீஸ்காரன் எதற்குப் புத்தரை வரைய வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அங்க சில பேருக்குப் பகல் வெளிச்சம் அலுத்துப்போச்சு தம்பி. எல்லாரும் கண்ணால பார்த்ததை அப்படியே வரைஞ்சுட்டிருந்தாங்க. போட்டோ வேற வந்துருச்சு. இவங்க, கண்ணை மூடினா என்ன தெரியுதோ அதை வரைவோம்னாங்க. கனவு, பயம், சாவுக்கு அந்தப் பக்கம், இதெல்லாம். அதுக்கு ஒரு அடையாளம் வேணும்ல? மாதா கோயில் சாமியெல்லாம் கண்ணைத் திறந்து மேல பார்க்குது. புஸ்தகத்துலயும் மியூசியத்துலயும் புத்தர் கெடைச்சாரு. கண்ணை மூடி இருந்தாரு. எடுத்துக்கிட்டாங்க."

"அவரைக் கேட்டாங்களா?"

"கண்ணை மூடிட்டு இருக்கிறவரை எவன் கேப்பான்?"

இந்தப் படத்தை வரைந்தவன் பெரிய ஆள் இல்லை, பெரிய ஆள் ஒருவனைப் பார்த்து வரைந்த யாரோ என்பது அவர் எண்ணம். "இவன் வரைஞ்சது புத்தரை இல்ல. உள்ள போற வாசலை வரைஞ்சிருக்கான். வாசலுக்கு ஒரு முகம் தேவைப்பட்டுச்சு" என்றார். எனக்குப் பாதி புரிந்தது. புரிந்த மாதிரித் தலையாட்டியது முழுசாக.

சனிப்பெயர்ச்சி நேரத்தில் கோயிலுக்கு வந்த ஓர் அம்மா, கோயம்புத்தூர்ப் பக்கம், பேத்திக்கு வளையல் வாங்கக் காரைக்காலுக்குள் வந்தவர், கடை வாசலில் நின்று அந்தப் படத்தையே பார்த்தார். பாயும் இருந்தார்.

"ஏனுங்க, இந்தச் சனீஸ்வரன் எந்தக் கோயிலுங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "கறுப்பா இருக்காரு, கண்ணும் மூடியிருக்காரு பாருங்க. பார்வைதானுங்க ஆகாது? கண்ணை மூடிட்டா ஒரு வம்பும் இல்லீங்களே. இதே மாதிரி எங்களுக்கு ரெண்டு போடுங்க, ஒண்ணு எங்க நாத்தனாருக்கு."

இல்லையம்மா, இவர் புத்தர் என்று சொன்னபோது அவர் முகம் விழுந்துவிட்டது. போகும்போது திரும்பி, "இருந்தாலும் நீங்க அதை யோசிக்கலாமுங்க" என்றார். பாய் அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிச் சொல்லி ரசித்தார். "பாரீஸ்ல இவ்வளவு பேரு இவ்வளவு எழுதினான். ஒருத்தனுக்குத் தோணல பாருங்க, கண்ணை மூடினா பார்க்கப்படுறவனுக்கு நிம்மதின்னு."

ஆறேழு மாதம் கழித்து என்னை விழிதியூருக்குப் பக்கத்தில் ஒரு வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கூட்டிக்கொண்டு போனார் என்பது மரியாதைக்கு. வண்டி ஓட்டியது நான், பின்னால் உட்கார்ந்து வழி தப்பாகச் சொன்னது அவர். இரண்டு தடவை வாய்க்காலைச் சுற்றி வந்தோம். வரப்பு முடிகிற இடத்தில் வேப்பமரத்தடியில் ஒரு கல் சிலை, இடுப்பு வரை மண்ணுக்குள். மூக்கு தேய்ந்துபோயிருந்தது. தலை உச்சியில் கொழுந்து மாதிரி ஒரு முனை. களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்தார்.

"எங்க கொண்டை ஐயாவைப் பார்க்க வந்தீங்களா?"

"இவருக்குக் கொண்டை ஐயான்னா பேரு?" என்றார் பாய்.

"ஆமாங்க. தலையில கொண்டை போட்டிருக்காருல்ல. மழை தப்பினா ஒரு குடம் தண்ணி ஊத்துவோம். பாயி, நீங்களும் வேண்டிக்கிட்டீங்களா?"

"இல்லம்மா, சும்மா பார்க்கத்தான் வந்தேன்."

"பாருங்க. அவரு பார்க்க மாட்டாரு, கண்ணை மூடிட்டாரு" என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "பாய், அதே தீ! அதே முகம்! நம்ம ஊர் ஆளைத்தான் எவனோ பார்த்துட்டுப் போய் வரைஞ்சிருக்கான். பேப்பர்காரனைக் கூப்பிடுவோம்" என்றேன். மனசுக்குள் என் கடை போட்டோவும் அச்சாகிவிட்டது.

"இருங்க தம்பி" என்றார். "ரெண்டு வீட்டுக் கூரையிலயும் புகை வந்தா ஒரே அடுப்புன்னு சொல்லிடலாமா? இப்படித் தலையில தீ வச்ச சிலை இந்தக் கரையில இருந்தும் கப்பல்ல போயிருக்கும், வேற கரையில இருந்தும் போயிருக்கும். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிச் சொல்லக் கூடாது." கொஞ்ச நேரம் சிலையைப் பார்த்தார். அப்புறம், "அந்த ஓரத்தை வாசிச்சா ஒருவேளை தெரிஞ்சுரும். அடுத்த மாசம் கண்ணு ஆபரேஷன். அதான் நீங்க பத்திரமா வச்சிருக்கீங்களே" என்றார்.

திரும்பி வரும்போது வண்டியை நான் மிக நன்றாக ஓட்டினேன். பேச்சுக் கொடுக்கவே இல்லை.

மறுநாளிலிருந்து திருநள்ளாற்றில் கடை கடையாக ஏறினேன். "ஆணி சரியில்ல, பார்த்துத் தரேன்" என்று சொல்லி, விற்காமல் இருந்த என் படங்களை எல்லாம் பின்பக்கம் பிரித்தேன். ஒரு லாட்ஜ் வரவேற்பறையில் மாட்டியிருந்ததையும் இறக்கிப் பிரித்தேன். எதிலும் அந்தப் பழைய காகிதம் இல்லை. ஒரு கடைக்காரர், "என்ன முருகையா, உன் வேலை மேல உனக்கே சந்தேகம் வந்துருச்சா? எங்களுக்கு எப்பவோ வந்துருச்சு" என்றார். பிரித்த படங்களுக்கெல்லாம் புதிதாக ஆணி அடித்துக் கொடுத்தேன். ஊருக்குப் போய்விட்ட சனீஸ்வரன்களை எங்கே போய்ப் பிரிப்பது? என் கடையிலிருந்த பாய் படத்தை மட்டும் பிரிக்கவில்லை. அதன் பின்னால் ஒட்டிய பிரவுன் ஷீட் அவ்வளவு அழகாக அமைந்திருந்தது. அந்த நல்ல வேலைக்குள் இடுக்கும் துண்டும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். கைக்குட்டையில் சுற்றிய பூதக்கண்ணாடியை மேசைமேல் வைத்து, "எடுங்க தம்பி" என்றார்.

"இல்லைங்க பாய். தொலைச்சுட்டேன். அன்னைக்கே தொலைச்சுட்டேன்."

பூதக்கண்ணாடியை மறுபடி கைக்குட்டையில் சுற்றினார். சுற்றுவதற்கு வெகுநேரம் ஆனது. "தொழுகைக்கு நேரமாச்சு" என்று எழுந்தார். ஆகியிருக்கவில்லை. அதற்கு இன்னும் முக்கால் மணி இருந்தது. இரண்டு மாதம் வியாழக்கிழமைகளில் ஸ்டூல் காலியாக இருந்தது. ஸ்டூலில் வேறு யாரும் உட்காராதபடி அதன்மேல் பீடிங் கட்டை வைத்தேன். அதற்கு மேல் செய்ய எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் மாதம் வந்தார். நேராகப் படத்துக்குப் போய்ப் பூதக்கண்ணாடியை முகத்தருகே பிடித்து வெகுநேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இடது கண்ணு இமைக்குக் கீழ பாருங்க."

பார்த்தேன். கறுப்புக்குள் மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக்கோடு. ஊசியால் சுரண்டியது.

"கண்ணு மூடல தம்பி. கொஞ்சம் திறந்திருக்கு. கீழ பார்த்துட்டு இருக்காரு" என்றார். "மூணு தலைமுறையா எங்க வீட்டுல அந்த ஓரத்தையே நம்பிட்டு இருந்தோம். அதுல எழுதியிருக்கும்னு முகத்தை யாரும் சரியாப் பார்க்கல. நானும்தான். இப்ப வேற வழி இல்லாமப் பார்த்தேன்." பூதக்கண்ணாடியை இறக்கிவிட்டு, "அந்தக் கோயம்புத்தூர் அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பீடிங் கட்டையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, "டீ சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம், உடம்பு முடியாத நாட்கள் தவிர, வியாழக்கிழமை தப்பியதில்லை. ஓரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் யாராவது ஒரு படத்தைக் கொண்டுவந்து, நான் கத்தியை எடுத்தால், அவர் லேசாகக் கனைப்பார்.

அடக்கத்துக்குப் போனேன். வரிசையில் நின்று மூன்று பிடி மண் போட்டேன். அந்த மனிதருக்குப் படம் கிடையாது, மாலை கிடையாது, என் தொழிலால் அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

நாற்பது நாள் கழித்து அவருடைய மகள் ரஹ்மத் கடைக்கு வந்தார். பிரெஞ்சு வாப்பாவிடமே படித்தவர். புதுச்சேரியில் பழைய காகிதங்களைப் பாதுகாக்கிற ஓர் இடத்துக்குப் படத்தைக் கொடுத்துவிடச் சொல்லி வாப்பா எழுதி வைத்திருக்கிறார் என்றார். "ஃபிரேம் வேணாங்கிறாங்கண்ணே. படத்தை மட்டும் கேக்குறாங்க."

அப்போதுதான் அந்தப் பிரவுன் ஷீட்டைக் கிழித்தேன். ஹார்ட்போர்டைத் தூக்கியதும் மேசைமேல் விழுந்தது. இரண்டாக மடித்த பழைய காகிதத் துண்டு. இரண்டு வருடத்துக்கு மேலாக அவர் அதற்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார். ஊர்ச் சனீஸ்வரனை எல்லாம் பிரித்தவன் இதைப் பிரிக்கவில்லை.

என் கை அதைத் தொடவில்லை. ரஹ்மத் எடுத்து விரித்து, செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தார். உதடு மெல்ல அசைந்தது. ஒரு தடவை படித்து, நிமிர்ந்து என்னைப் பார்த்து, மறுபடி படித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னம்மா? யாரு வரைஞ்சதுன்னு இருக்கா? எந்தச் சிலைன்னு?"

"அண்ணே, இது உங்களுக்கு எழுதினது."

"எனக்கா?"

"'ஃபிரேம் போடுபவர் கவனத்துக்கு. ஓரத்தை வெட்ட வேண்டாம்.' அவ்வளவுதான் இருக்கு."

அவர் சிரித்தார். வாப்பாவைப் போலவே தோள் குலுங்கியது. நானும் சிரித்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம். இதற்கு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்திருக்க வேண்டிய ஆள் அங்கே இல்லை.

புத்தர் எந்தக் கரையிலிருந்து பாரீசுக்குப் போனார் என்பது யாருக்கும் தெரியாது. அந்த வரியிலும் அது இருந்ததில்லை. அதை அவர் வாசித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று சில நாள் யோசித்தேன். மூன்று தலைமுறை நம்பிக்கை என் கடை மேசைமேல் அன்றைக்கே முடிந்திருக்கும். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். இமைக்குக் கீழே உள்ள கோட்டைப் பார்த்திருக்க மாட்டார். இதைச் சொல்லி என் தப்பை நான் நியாயப்படுத்தவில்லை. அந்த இரண்டு மாதம் காலியாக இருந்த ஸ்டூலுக்கு இது பதில் ஆகாது.

துண்டையும் படத்தோடு வைத்துக் கட்டிக் கொடுத்தேன். ரஹ்மத் அதில்தான் உறுதியாக இருந்தார். "ஓரத்தைத் தனியாப் பிரிச்சா வாப்பா சும்மா விட மாட்டாங்க" என்றார். அதனால் என்னிடம் அவருடைய பொருள் என்று எதுவும் இல்லை. சனீஸ்வரனுக்கும் மாதாவுக்கும் நடுவில் வெளுக்காத ஒரு சதுரம் இருக்கிறது. அங்கே வேறு படம் மாட்டவில்லை. தேதி எழுதாத அந்தத் தோற்றம், மறைவுச் சீட்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவருக்கு அது தேவைப்படவில்லை. கத்தியை எடுக்கும்போது ஒரு கனைப்புச் சத்தம் இன்னும் கேட்கிறது. நின்று, காகிதத்தைத் திருப்பி, நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வெட்டுகிறேன். பாதி நேரம் வெட்டுவதே இல்லை. காலண்டர் மாதிரி இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் திட்டுகிறார்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தத் திட்டுகளைத்தான்.

இதை முடிக்கும்போது தமிழரசி கேட்டாள், "அப்பா, நாலு பக்கம்னு சொன்னாங்க, தாண்டிப் போகுது. ரெண்டு பக்கமும் ஓரத்தைக் குறைச்சுட்டா அடங்கிரும். குறைச்சிரட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.